ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில் தன்னார்வலராகப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிஸ்பேனில் முதுகலை படித்த இரண்டு வருடமும் சனிக்கிழமை ஆனால் நான் பாடப்புத்தகத்தைத் தொட்டதில்லை. ஊருக்கு வெளியே ஒரு சின்ன ஊர்வனப் பூங்காவில் சம்பளமில்லாத உதவியாளாக இருந்தேன். கோடை விடுமுறையில் வாரத்துக்கு நான்கு நாள். செங்கல்பட்டு திரும்பியதிலிருந்து தெரிந்தவர்களும், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

போன முதல் நாளே பாம்பைக் கையில் கொடுப்பார்களா?

மாட்டார்கள். முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு வாளியும் பழைய பல் பிரஷ்ஷும். தண்ணீர்க் கிண்ணங்களின் உள்விளிம்பில் வழவழவென்று படியும் பாசியைத் தேய்க்க வேண்டும். அன்று மட்டும் நாற்பது கிண்ணம் தேய்த்திருப்பேன்.

ஆறாவது வாரம்தான் ஒரு பாம்பு கைக்கு வந்தது. வருடக்கணக்காகப் பள்ளிப் பிள்ளைகளின் கைகளில் புரண்ட, சாதுவான கம்பள மலைப்பாம்பு. "கழுத்தைப் பிடிக்காதே, நீ மரமாக நில், ஏறுவதை அது பார்த்துக்கொள்ளும்" என்றார் மூத்த பராமரிப்பாளர். நின்றேன். முழங்கையைச் சுற்றி இறுக்கியபோது ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டியதுபோல இருந்தது. குளுமையாக, சுத்தமாக, ஈரமே இல்லாமல். பாம்பு வழவழப்பாக இருக்கும் என்று இருபத்து மூன்று வருடம் நம்பியிருந்தேன்.

விஷப்பாம்பு? இரண்டு வருடத்தில் ஒரு முறைகூடத் தொட்டதில்லை. அதற்குத் தனி உரிமமும் பல வருடப் பயிற்சியும் வேண்டும். பயிற்சியில்லாத தன்னார்வலரிடம் விஷப்பாம்பைக் கொடுக்கிற இடம் இருந்தால், அங்கிருந்து அன்றே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் நாள் முழுக்க என்னதான் வேலை?

காலை ஏழரைக்கு எண்ணிக்கை. ஒவ்வொரு கூண்டின் முன்னும் நின்று, உள்ளே இருக்கவேண்டியது உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஏட்டில் குறிப்பது. இது கேட்கச் சுலபம். பச்சை நிறத்தில், விரல் தடிமனில், இலைகளுக்கு நடுவே சுருண்டிருக்கும் மரப்பாம்பைக் கண்டுபிடிக்கச் சில நாள் கால்மணி நேரம் ஆகும். அது கண்ணில் படாமல் தாழ்ப்பாளில் கை வைக்கக் கூடாது. "முதலில் பாம்பு, பிறகு கதவு." இந்த வரிசை மாறவே கூடாது.

அடுத்து எச்சம். நம் வீட்டுச் சுவரில் பல்லி எச்சம் பார்த்திருப்பீர்கள், கருப்புக்கு ஒரு முனையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அந்த வெள்ளை யூரிக் அமிலம், பல்லி, பாம்புகளின் சிறுநீர் அப்படிக் கட்டியாகத்தான் வரும். இதே சங்கதி நாலு மீட்டர் மலைப்பாம்பில் என்ன அளவுக்கு இருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அள்ளினால் மட்டும் போதாது. எப்போது போட்டது, நிறம் என்ன, கட்டியா தண்ணியா என்று ஏட்டில் எழுத வேண்டும். பாம்புக்கு உடம்பு சரியில்லை என்றால் அது கத்தாது, நொண்டாது. ஏட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதுதான் முதல் அறிகுறி.

பிறகு சாப்பாடு. உறைபெட்டியில் இருந்து எலிகளை எடுத்துப் பையில் கட்டி வெதுவெதுப்பான நீரில் போட வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. ஏன் என்று யாரோ ஒருவர் ஒரு முறை கண்டுபிடித்து, அந்த மைக்ரோவேவைத் தூக்கிப் போட்டார்களாம். எலியின் வயிற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மேலே இளகி, உள்ளே பனிக்கட்டியாக இருந்தால் இன்னும் ஆகவில்லை. அப்படியே கொடுத்தால் பாம்பு கக்கிவிடலாம். கொடுப்பது எப்போதும் நீளமான இடுக்கியால்தான். எலி வாசனையோடு கையை நீட்டினால் பாம்புக்கு எலியும் ஒன்றுதான், கையும் ஒன்றுதான்.

கடைசியில் பூட்டு. சாத்து, தாழ்போடு, பூட்டு, இழுத்துப் பார். ஒரு நாள் உடும்புக் கூண்டில் பூட்டை மாட்டிவிட்டு அழுத்தாமல் வந்துவிட்டேன். அடுத்த சுற்றில் வந்தவர் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று மாலை வரை என்னிடம் சாவிக்கொத்து மட்டும் தரவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

நாங்கள் சைவம். போகலாமா?

போகலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலி, கோழிக்குஞ்சு பக்கம் போகாமல் ஆமை, தாடி ஓணான், நீலநாக்கு அரணை பக்கம் கேட்கலாம். அங்கே கீரை நறுக்குவது, பூசணி துருவுவது, வெட்டுக்கிளி மாதிரி பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவுவது எனச் சமையல்கட்டு வேலைதான். பூச்சியும் முடியாது என்றால் கஷ்டம்.

நீலநாக்கு அரணை பற்றி ஒரு வார்த்தை. "அரணை கடித்தால் மரணம்" என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு அரணை என் எதிரே வாயைத் திறந்து மைநீல நாக்கை நீட்டியபோது, படித்த விலங்கியல் எல்லாம் பறந்துபோய்ப் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். அரணைக்கு விஷமே கிடையாது, நம்மூர் அரணைக்கும்தான். அந்த நாக்கு பயமுறுத்த மட்டும்.

முதலைக் கூண்டுக்குள் விடுவார்களா?

வேலிக்கு வெளியே நின்று வாளி தூக்க விடுவார்கள். அது போதும்.

சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் இருக்கும் ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்கில் 2011 டிசம்பர் கடைசியில் நடந்ததை அங்கே எல்லோரும் புதியவர்களுக்குச் சொல்வார்கள். எல்விஸ் என்ற செம்மூக்கு முதலையின் அடைப்பில் பணியாளர்கள் புல் வெட்டிக் கொண்டிருந்தார்கள். முதலை பாய்ந்து புல்வெட்டும் இயந்திரத்தைப் பறித்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போய், அதைக் காவல் காத்துக்கொண்டு கிடந்தது. அதில் அதன் பல் இரண்டு போயிற்று. இயந்திரத்தையும் பல்லையும் மீட்க ஒருவர் தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. அனுபவசாலிகளுக்கே அப்படி.

எந்த மாதத்தில் போவது நல்லது?

அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. நவம்பரில் போய் மார்ச்சில் முடித்தால் தீனி, சட்டை உரிப்பு, முட்டை, குஞ்சு எல்லாம் பார்க்கலாம். ஜூன், ஜூலையில் போனால் குளிருக்குப் பல பாம்புகள் சாப்பிடவே சாப்பிடாது, ஓணான்கள் தூங்கும். நம் கோடை விடுமுறைக்குக் கணக்குப் போட்டு மே மாதம் போய் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விசா விஷயம் என்ன? சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாமா?

இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பார்வையாளர் விசா, அதாவது 600 வகை, வேலைக்கானது அல்ல. தன்னார்வ உதவிக்கு அதில் சின்ன இடம் உண்டு. பயணத்தின் முக்கிய நோக்கம் சுற்றிப் பார்ப்பதாக இருக்க வேண்டும். செய்யும் வேலை உள்ளூர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்விக்கும் வேலையாக இருக்கக் கூடாது. கைக்குக் காசு வரக் கூடாது, சாப்பாடும் தங்குமிடமும் பரவாயில்லை. ஊர் சுற்றப் போன இடத்தில் ஒரு வாரம் கை கொடுத்தால் பொருந்தும். மூன்று மாதம் முழுக்கக் கூண்டு கழுவத்தான் போகிறேன் என்றால் பொருந்தாது.

மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு, 2023 ஜூலை முதல், பாடம் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. விடுமுறையில் வரம்பு இல்லை. உண்மையான தன்னார்வப் பணி, அதுவும் லாப நோக்கில்லாத அமைப்பில் என்றால், அந்த 48-இல் சேராது. ஆனால் பல ஊர்வனப் பூங்காக்கள் டிக்கெட் விற்று நடக்கும் தனியார் நிறுவனங்கள். அங்கே செய்யும் மணி நேரம் கணக்கில் சேரும் என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது வழி புதியது. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் 2022-இல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின்படி, 'வொர்க் அண்ட் ஹாலிடே' எனப்படும் 462 வகை விசா 2024-இல் இந்தியர்களுக்கும் திறக்கப்பட்டது. வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கல் முறை. பெயர் கொடுக்க 25 ஆஸ்திரேலிய டாலர், அது திரும்பி வராது. பெயர் வந்தால் விசாக் கட்டணம் தனி. ஓரளவு ஆங்கிலமும், பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பும், கையில் 5,000 டாலர் அளவு இருப்பும் காட்ட வேண்டும். ஒரே முதலாளியிடம் பொதுவாக ஆறு மாதம் வரை. சம்பளத்துக்கும் வேலை செய்யலாம் என்பதால், வாரத்தில் நான்கு நாள் உணவகத்தில், இரண்டு நாள் பூங்காவில் என்று ஓட்டலாம். படிக்கப் போகாதவர்களுக்கு இதுதான் நல்ல வழி. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், என் பேச்சை நம்பியும் கட்டாதீர்கள்.

தன்னார்வலராகப் போக நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

தங்குமிடம், சாப்பாட்டுக்குக் கட்டுவது நியாயம். அதற்கு மேல் இடைத்தரகு நிறுவனங்கள் "வனவிலங்கு அனுபவம்" என்று பெரிய தொகை கேட்கும். கேட்டால் கேட்கட்டும், அந்தப் பணத்தில் விலங்குக்கு எவ்வளவு போகிறது என்று திருப்பிக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் இன்னொரு நாட்டில் அப்படிப் பணம் கட்டிப் போனான். அவனுக்குக் கிடைத்த வேலை, வாயில் டேப் ஒட்டிய முதலைக்குட்டியைச் சுற்றுலாப் பயணிகளின் மடியில் வைத்துப் படம் எடுப்பது. பத்தாம் நாள் திரும்பிவிட்டான். பணம் திரும்பவில்லை.

நல்ல இடமா என்று பார்க்க என் வழி இது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பூங்கா என்றால் அங்குள்ள உயிரியல் பூங்காக்களின் சங்கத்தில், சுருக்கமாக இசட்ஏஏ, அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கெட்ட இடம் என்று அர்த்தமில்லை, இருந்தால் ஒரு கேள்வி குறையும். அடுத்து, வந்தவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். ஒரே பாம்பு காலை முதல் மாலை வரை கை மாறிக்கொண்டே இருக்கிறதா? பல்லிகளுக்கு ஒளிய இடம் இருக்கிறதா, இல்லை கண்ணாடிப் பெட்டியில் வெறும் மணலா? மேலே புற ஊதா விளக்கு இருக்கிறதா? பகலில் வெயில் காயும் ஓணானுக்கு அந்த ஒளி இல்லையென்றால் எலும்பு மெழுகுபோல வளையும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் புற ஊதா தீர்ந்துபோகும், அதனால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று பேட்டியில் நீங்களே கேளுங்கள். தேதி சொன்னால் அது நல்ல இடம்.

பாம்பு கடித்தால்?

ஆஸ்திரேலியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்கள் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. உலகிலேயே கொடிய விஷமுள்ள பாம்புகள் அங்கே, சாவு இங்கே. வயலில் வெறுங்காலோடு நடக்கிறோம், ஆஸ்பத்திரி தூரம், நடுவில் மந்திரிக்கப் போகிறோம். அதனால் என் அம்மா "அங்கே ஜாக்கிரதையாக இரு" என்றபோது, கொல்லைப்பக்கம் டார்ச் எடுத்துப் போங்கள் என்று நான் அவருக்குச் சொன்னேன்.

அங்கே கற்றுத்தரும் முதலுதவி: கடித்த இடத்தில் தொடங்கி அகலமான மீள்பட்டையைக் கை கால் முழுக்க அழுத்திச் சுற்ற வேண்டும், குச்சி (சிம்பு) வைத்துக் கட்டி, அசையாமல் படுத்து, அங்குள்ள அவசர எண்ணான 000-க்கு அழைக்க வேண்டும். கழுவக் கூடாது, தோலில் ஒட்டிய விஷத்தை வைத்து எந்த இனம் என்று பார்க்க முடியும். முதல் வாரமே என் காலில் ஒருவர் கட்டிக் காட்டினார், கணுக்கால் சுளுக்குக்குக் கட்டுகிற அதே இறுக்கம். ஒன்றை மறக்காதீர்கள்: ஆஸ்திரேலியாவில் விரியன் இனமே கிடையாது. அங்குள்ள விஷப்பாம்புகள் நம் நாகம், கட்டுவிரியன் குடும்பம். (கட்டுவிரியன் பெயரில் மட்டும்தான் விரியன்.) அந்தக் கட்டு அவற்றுக்காக உருவானது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்த இடத்தையே அழுக வைக்கும். எனவே ஊருக்கு வந்து எல்லாக் கடிக்கும் கட்டு போடாதீர்கள். இங்கே கடிபட்ட கை காலை அசைக்காமல் 108-இல் ஏற்றுவதுதான் வேலை.

உண்மையில் எங்கள் பூங்காவில் அதிகம் பேரைப் படுக்க வைத்தது பாம்பு அல்ல, சால்மோனெல்லா. ஆமை, ஓணான், பாம்பு எல்லாவற்றின் குடலிலும் இருக்கக்கூடிய கிருமி, அவற்றுக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றைக் கலக்கிவிடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாண்ட்விச்சை எடுத்தால் அடுத்த மூன்று நாள் போச்சு. சீருடையோடு கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள்.

விஷம் எடுப்பதைப் பார்க்க முடியுமா?

சோமர்ஸ்பி பூங்காவில் பார்வையாளர்களே கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம். எரிக் வொரல் என்பவர் தொடங்கிய பூங்கா அது. 1950-களிலிருந்தே விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுத்துக் கொடுத்தவர். கண்ணாடிக் குப்பியின் வாயில் மெல்லிய ரப்பர் தோல் கட்டி, பாம்பை அதில் கடிக்க வைப்பார்கள். உலர்த்திய விஷம் மெல்போர்ன் போகும், குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் ஏற்றி, ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்தாக்குவார்கள். சிட்னி புனல்வலைச் சிலந்தியிடமிருந்தும் சோமர்ஸ்பி பூங்காவில்தான் விஷம் எடுக்கிறார்கள், சிலந்தியை ஜாடியில் பிடித்துக் கொண்டுவரும்படி பொதுமக்களிடமே சொல்கிறார்கள்! 1981-இல் அதற்கு மருந்து வந்தபிறகு அந்தச் சிலந்தி கடித்து யாரும் இறந்ததாகப் பதிவில்லை.

2000 ஜூலையில் அந்தப் பூங்கா தீப்பிடித்து, இருந்த ஊர்வனவற்றில் பெரும்பகுதி கருகிப் போயிற்று. இரண்டு மாதத்துக்குள் திரும்பத் திறந்தார்கள்.

இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு ஊர் வந்தபிறகுதான், என் வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போகக்கூடிய வடநெம்மேலிக்குப் போனேன். 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கிறது. பாம்பை வைத்திருப்பது மண்பானையில், வாயில் துணி கட்டி. சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான். நான் இதைப் பார்க்காமல் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் பறந்திருக்கிறேன்.

முன் அனுபவம் இல்லாமல் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விண்ணப்பத்தில் இரண்டு வரி இருந்தால் நல்லது. வடநெம்மேலி முதலைப் பண்ணை 1976-இல் ராமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. அதற்கு முன்பே கிண்டியில் பாம்புப் பண்ணை வைத்தவரும் அவர்தான். முதலைப் பண்ணைக்கு வெளிநாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வருகிறார்கள். நாம் அங்கே போகத் துடிக்க, அவர்கள் இங்கே வருகிறார்கள். முதலில் இங்கே கேட்டுப் பாருங்கள்.

பாம்பு பிடிக்கத் தெரியும், வீட்டில் வளர்த்திருக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே அனுமதியில்லாமல் அதைச் செய்வது குற்றம். அங்கே அதைத் திறமையாகவும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுப்பில்லாதவர் என்று ஓரமாக வைப்பார்கள்.

திறமை என்றால் மாசி சடையனும் வடிவேல் கோபாலும்தான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இருவரும் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அழைக்கப்பட்டார்கள். முதல் இரண்டு வாரத்திலேயே 13 பிடித்தார்கள். 2023-இல் பத்மஸ்ரீ வந்தது. அவர்கள் பார்த்தது தடத்தையும் எச்சத்தையும். எச்சம் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது விளையாட்டுக்கு அல்ல.

வேறு என்ன காகிதம், ஊசி?

டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டில் விலங்குகளோடு செய்யும் வேலை விலக்கப்பட்டிருக்கிறதா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். பள்ளிக் குழந்தைகள் வரும் இடத்தில் குழந்தைகளோடு பழகும் பணி என்றால் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 'ப்ளூ கார்டு' எனும் பின்னணிச் சரிபார்ப்பு அட்டை கேட்பார்கள், தன்னார்வலருக்கு இலவசம். மண் ஒட்டிய ஷூவைக் கழுவி எடுத்துப் போங்கள், விமான நிலையத்தில் அறிவியுங்கள். கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளிக்காதீர்கள்.

இதனால் வேலை கிடைக்குமா?

நேரடியாக, அபூர்வம். ஊர்வனப் பராமரிப்பு வேலை அங்கேயே குறைவு, போட்டி அதிகம். எனக்குக் கிடைத்தது ஒரு பரிந்துரைக் கடிதமும், எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மூலைகளைப் பார்க்கும் பழக்கமும்.

வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள்?

வாங்கவில்லை, மூன்றாம் மாதம்தான் சொன்னேன். பாட்டி பேசியது அப்படியே: "ஏண்டி, நம்ம வீட்டுத் திண்ணையைப் பெருக்கச் சொன்னா முடியாது, பாம்பு வீட்டைப் பெருக்க ஆஸ்திரேலியாவா?" பதில் இன்னும் கிடைக்கவில்லை.

பாம்புச் சட்டையை நினைவாக எடுத்து வரலாமா?

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான். வேண்டாம். அந்த நாட்டு வனவிலங்கின் தோலோ சட்டையோ அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது, இங்கே இறங்கினாலும் கேள்வி வரும். நான் முதலில் தூக்கிய அந்தக் கம்பள மலைப்பாம்பு என் கடைசி வாரத்தில் சட்டை உரித்தது. ஒரு வாரமாகக் கண் பால் விட்டாற்போல மங்கி, சாப்பிடாமல் கிடந்தது. பிறகு ஒரு காலையில் மூக்கிலிருந்து வால் வரை காலுறையைக் கழற்றுவதுபோல ஒரே துண்டாக உரித்துப் போட்டிருந்தது, கண்ணை மூடியிருந்த கண்ணாடித் தோலும் சேர்த்து. உரியும்போது இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாக இருக்கும். தரையில் விரித்து, பக்கத்தில் நானும் படுத்துப் படம் எடுத்துக்கொண்டேன். என்னைவிட ஒரு முழம் கூடுதல். பிறகு சுருட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெட்டியில் வைத்துவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்க்கப் போனேன்.